மூத்த மருமகன் செய்த ஸ்டூல்

என் இளைய மருமகன் வீட்டு ஷெட்டில் ஓர் அலமாரி செய்தான். பலகையின் உள்பக்கத்தில் சாய்வாகத் துளை போட்டு ஸ்க்ரூ இறக்கியதால், வெளியே ஒன்றுகூடத் தெரியவில்லை. வீடே மெச்சியது. மூத்தவனுக்கு வயிறு எரிந்தது. என் தங்கை பிள்ளைதான் அவன். சின்னதிலிருந்தே அடுத்தவன் தட்டை எட்டிப் பார்ப்பவன். அவனும் அதே ஸ்க்ரூவை வாங்கி ஸ்டூல் செய்தான். பலகை மெல்லியது, இருக்கையில் இரண்டு ஸ்க்ரூ முனைகள் எட்டிப் பார்த்தன.

அந்நேரம் இளையவன் வந்துவிட்டான். மூத்தவன் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

“எழுந்திருங்கண்ணே, பாக்கறேன்.”

“உறுதியைப் பாரு தம்பி, போதும்.”

“முகம் ஏன் கோணுது?”

“உன் அலமாரியை நினைச்சேன்.”

இளையவன் காபி குடித்துக் கிளம்பும்வரை அவன் அசையவில்லை. என் மூத்த மகள்தான் கைகொடுத்துத் தூக்கினாள். கால்சட்டை கிழிந்திருந்தது.

“அவன் பாக்கலையே?” என்றான்.