ஓட்டைக்குள் போன சந்தனம்

2006-ஆ, 2007-ஆ, சரியாக நினைவில்லை. வீராம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, புதுச்சேரியில் ஒரு கல்லூரி லேபில் அட்டெண்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆராய்ச்சி செய்த பெண் என்னைவிட நாலு வயது சின்னவள். நான் அவளை மேடம் என்பேன். அவள் என்னை அக்கா என்பாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை செய்திருந்தாள். மிதித்தால் போதும், பேட்டரி இல்லாமலே மீட்டரில் முள் துள்ளும். "உள்ள பொடிப்பொடியா ஓட்டைங்க இருக்குக்கா. அதுல மின்சாரத்த ஏத்தி வெச்சிருக்கேன். நசுங்குனா முள்ளு துள்ளுது" என்று விளக்கினாள். இட்லி மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. பெரிய மார்க்கெட்டில் பூவும் பொரியும் வாங்கிவந்து, மெஷின், ஸ்குரூடிரைவர், பீரோ சாவி என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவளுடைய பட்டையை மட்டும் விட மனசு வருமா? பாசத்தில் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

லீவு முடிந்து வந்தவள் பட்டையை அழுத்தினாள். முள் அசையவில்லை. ஈரச் சந்தனம் ஓட்டைகளில் ஊறி, ஏற்றிவைத்த மின்சாரமெல்லாம் போயிருந்தது. மூன்றாம் நாள் வெளியூர்ப் பேராசிரியர் பார்க்க வருகிறார். காட்ட இருந்தது அது ஒன்றுதான்.

"நான்தான் மேடம் வெச்சேன்" என்றேன். என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொட்டு நட்டநடுவுல கரெக்டா வெச்சிருக்கீங்க. வாங்கக்கா, புதுசு செய்லாம்" என்றாள்.

ரெண்டு நாள் அவளோடு உட்கார்ந்தேன். கடல் காற்றின் ஈரம் ஆகாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்வை சொட்டாமல் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெட்டினோம், அடுக்கினோம், மறுபடி மின்சாரம் ஏற்றினோம்.

பேராசிரியர் முன்னால் என்னைத்தான் மிதிக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றி, பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிதித்தேன். முள் துள்ளியது! யார் செய்தது என்று அவர் கேட்டார். "நானும் எங்க அக்காவும் சார்" என்றாள். சந்தனக் கதையைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

இன்றைக்கும் ஆயுத பூஜையில் பொட்டு வைக்குமுன், "இதுல ஓட்டை கீட்டை இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கோ, கெடுத்தவளையே தன்னோடு உட்காரவைத்து 'எங்க அக்கா' என்று சொன்னவளின் குரல் கேட்டு, கண் நிறைந்துவிடும்.