இல்லாத அணியின் சரித்திரம்

விளாம்பிசினால் ஒட்டிய கடித உறையைத் திறந்தால் ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். காய்ந்த பிசின் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விரலில் மஞ்சளாக ஒட்டும். இலண்டனில் கடிதம் ஒட்டுகிறவர்களிடம் விளாம்பிசின் இருக்க நியாயமில்லை. கண்டாவளைப் பக்கத்தில் இருந்த எங்கள் தபால்கந்தோரிலோ, அரசாங்கக் கோந்து வந்து சேராத மாதங்களில் தபாலதிபர் விளாம்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு சிரட்டையில் வைத்திருப்பார். இலண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய கடிதத்தின் மடிப்பில் அந்தப் பிசினைக் கண்ட பிற்பகலில் எனக்கு இருபத்தாறு வயது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். அந்தத் தபாலதிபரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஒருமுறை அவர் ஊர்வரை பஸ்ஸில் போய், சந்தியில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம் எங்களுடையது. எங்களைப் பெற்ற ஐயா இரண்டு போகம் விதைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் இலண்டனுக்குப் படிக்கப் போனார். நான் குடியேற்றப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த குணம். பால்காரர் செம்பைக் கீழே வைக்குமுன் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். பிள்ளைகள் வயிற்றுக்குத்து என்றால் எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் கேட்பேன், இரண்டு தரமும் ஒரே பக்கம் சொல்லுகிறார்களா என்று பார்க்க.

மாலை நான்கு மணிக்குத் தபால் பஸ் வந்து போனபின் தபால்கந்தோர் வாசல் மருதமரத்தடியில் எங்கள் விவாதம் தொடங்கும். உலகத்தில் சம்பளத்துக்கு விளையாடும் உதைபந்தாட்டக் கழகங்களில் எதற்குப் பெரிய சரித்திரம் என்பதுதான் விடயம். பங்கெடுத்தவர்கள் மூன்று பேர்: தபாலதிபர், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், நான். மூவரும் அந்தக் கழகங்களில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. அதனால் விட்டுக்கொடுக்கவேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை. மனேச்சருக்குக் கிண்ணங்கள்தான் சரித்திரம். ஸ்பெயினில் அடுத்தடுத்துக் கிண்ணம் தூக்கிய வெள்ளைச் சட்டைக்காரரை விட்டு அவர் அசையமாட்டார். எனக்கு வயதுதான் சரித்திரம், யார் முதலில் தொடங்கினார்களோ அவர்களுக்கே மரியாதை. தபாலதிபர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டுவார். விமானம் விழுந்து பாதி அணியைப் பறிகொடுத்த பிறகு, மிச்சம் இருந்தவர்களையும் பெடியன்களையும் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்கு வந்த சிவப்புச் சட்டைக்காரர்தான் அவருக்கு. "வெண்டதை ஆரும் சொல்லுவினம். என்னத்தைத் தாங்கினவை எண்டு பாருங்கோ மாஸ்டர், அதுதான் சரித்திரம்" என்பார்.

தபாலதிபருக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். கந்தோரின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் வீடு. வேலை போனால் கூரையும் போய்விடும். அடுத்தவர் கடிதத்தின் முதுகைக்கூட யாருக்கும் காட்டமாட்டார். மனேச்சர் ஒருமுறை யாருடையதோ தபாலட்டையை எட்டிப் பார்த்தபோது, உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு, "அது உங்களுக்கு வந்ததில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். இவ்வளவு நேர்மை ஒரு மனிதனுக்கு எதற்கு என்று எனக்கு அப்போதே ஒரு குறுகுறுப்பு இருந்தது.

அண்ணன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் பார்க்கப் போவார். பார்த்ததைப் பக்கம் பக்கமாக எனக்கு ஆங்கிலத்தில் எழுதுவார். நான் வாயைத் திறக்குமுன்பே அந்தச் செய்திகள் சில தபாலதிபரின் வாயில் இருப்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். மழையில் நனைந்த பந்து எத்தனை கனம் என்றும், கோலுக்கு நிற்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்தார் என்றும் சொல்லுவார். கேட்டால், கொழும்பு மச்சான் அனுப்பும் பழைய பேப்பரில் படித்தது என்பார். அதன்பின்தான் உறையில் விளாம்பிசின்.

உதைபந்தாட்டச் செய்தி திருட்டுப்போனதற்காக நான் பதறவில்லை. அண்ணனின் கடிதங்களில் பந்துக்கு நடுவே வேறொன்றும் இருந்தது. அண்ணன் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் செய்திருந்தார். ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. இங்கே அம்மா அவருக்கு உடுவிலில் பெண் பார்த்து, சாதகமும் பொருந்தியாயிற்று. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். அதனால்தான் ஆங்கிலம். அம்மாவுக்குத் தனியாகத் தமிழில் அரைப் பக்கம் வரும்: குளிர் பரவாயில்லை, சாப்பிடுகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அம்மா சங்கக்கடைக்குப் போவா, வரும்வழியில் கடிதங்களை எடுத்துவந்து என் மேசையில் வைப்பா. தபாலதிபர் படித்திருந்தால் எங்கள் குடும்பக் கதை அவர் கையில். ஊரில் ஒருவரும் அதைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எப்போது சொல்லப்போகிறார் என்றுதான் யோசித்தேன்.

அவரைப் பிடிக்க ஒரு வழி கண்டேன். உலகத்தில் இல்லாத ஒரு கழகத்தை நானே படைத்து, அதன் சரித்திரத்தை ஒரு கடிதமாக எழுதி அனுப்பும்படி அண்ணனைக் கேட்டேன். அந்தக் கடிதத்தில் வீட்டுக்கதை ஒரு வரியும் வேண்டாம் என்றேன். அப்படிக் கேட்டு நான் எழுதிய கடிதத்தை அடுத்த ஊரில் போய்த் தபாலில் போட்டேன். கழகத்தின் பெயர் கிரேஹேவன். மீன்பிடிகாரரின் கழகம். அவர்களுடைய மைதானத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அதன்பிறகு எல்லா ஆட்டத்தையும் எதிரியின் ஊரிலேயே ஆடினார்கள். வள்ளம் கவிழ்ந்து இறந்த தலைவனுக்காகக் கறுப்புச் சட்டை போட்டவர்கள் அதைப் பிறகு மாற்றவேயில்லை. ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை, ஒரு ஆட்டத்துக்கும் வராமல் விட்டதுமில்லை. தபாலதிபரின் நெஞ்சு எங்கே இளகும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்தே தூண்டிலைப் போட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது, பிறகு நான் எழுதிய பெட்டிசத்தைவிட இதுதான்.

கடிதம் வந்தது. மடிப்பில் விளாம்பிசின். இரண்டு கிழமை நான் அதைப் பற்றி வாயே திறக்காமல் மருதமரத்தடியில் இருந்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை மனேச்சர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கிண்ணம் இல்லாதவைக்கு என்ன சரித்திரம்? தோத்ததை எழுதி வைக்கிறதோ?" என்று சிரித்தார். தபாலதிபருக்குப் பொறுக்கவில்லை.

"கிண்ணம் இல்லாட்டிச் சரித்திரம் இல்லையோ? கடல் மைதானத்தையே கொண்டுபோன பிறகும் விளையாட வந்தவை கிரேஹேவன்காரர்..."

அவ்வளவுதான். கையில் இருந்த முத்திரைக்கட்டை அந்தரத்தில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

"அப்பிடி ஒரு கழகம் உலகத்திலை இல்லை போஸ்ட்மாஸ்டர்," என்றேன். "அது என்ரை கடிதத்திலை மட்டும்தான் இருக்கு."

தபால் மேலிடத்துக்கு அவர்மேல் முறைப்பாடு சொல்லிப் பெட்டிசம் எழுதினேன். என் பெயரையும் போட்டேன், மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் நான் இல்லை என்ற பெருமை வேறு. விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் வந்தார். உறைகளைக் காட்டினேன், சிரட்டையைக் காட்டினேன். மனேச்சர் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். உத்தியோகத்தர் தபாலதிபரிடம் கடிதங்களைத் திறந்தீரா என்று கேட்டார்.

"ஓம்."

"என்னத்துக்கு?"

"பந்துக் கதை வாசிக்க. எனக்கு அதிலை ஒரு பைத்தியம்."

வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வெள்ளைக்காரியின் பெயரை இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அதையும் நான் நல்லதாக எடுக்கவில்லை. பின்னால் மிரட்டுவதற்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் வேலை போய்விட்டது. மனைவியின் ஊரான பூவரசங்குளத்துக்குப் புறப்பட்டார்கள். ட்ரங்குப் பெட்டியும் இரண்டு கதிரையும் பஸ் தரிப்பில் இருந்தன. சின்ன மகள் கதிரையில் ஏறி நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்கப் பார்த்தேன். அவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கிறன், கோவியாதேங்கோ. அந்தக் கிரேஹேவன் ரீம் மெய்யாவே இல்லையோ?"

"இல்லை."

"கடலுக்கை போன மைதானம்?"

"எல்லாம் கட்டுக்கதை."

"அநியாயம்," என்றார். "நல்ல ரீம்."

அன்று முழுவதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏசிக்கொண்டிருந்தேன்.

அண்ணனின் அடுத்த கடிதத்தைப் புதிய தபாலதிபரிடமிருந்து அம்மா வாங்கி வந்தா. வழக்கம்போல மேசையில் வைக்கவில்லை. நான் பள்ளியால் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தா. உறை ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"இந்தா, உடைச்சு வாசி. எனக்கும் கேக்க வாசி."

"அம்மா, இது இங்கிலீசு."

"இவ்வளவு நாளும் தமிழிலைதான் கேட்டனான்," என்றா அம்மா. "போஸ்ட்மாஸ்டர்தான் உடைச்சு, தமிழிலை வாசிச்சுச் சொல்லுவார். பிறகு ஒட்டித் தருவார். முதல்நாள் மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான் அந்த மனுசனுக்கு முன்னாலை அழுதனான். ரெண்டு பெடியளும் எனக்கு விளங்காத பாசையிலை என்னத்தை ஒளிக்கிறாங்கள் எண்டு ஒரு தாய்க்குப் பயம் இராதோ? எல்லாம் பந்துக்கதைதான் அம்மா, வேறை ஒண்டும் இல்லை எண்டு சொல்லி வாசிப்பார். அந்தக் கடல்கொண்ட ரீமை நான் ரெண்டுதரம் வாசிப்பிச்சுக் கேட்டனான்."

"விசாரணைக்கு ஆள் வந்த நேரம் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லப் போனனான். வாசலிலை மறிச்சுப்போட்டார். நீங்கள் வாயைத் திறந்தால் கடிதத்திலை என்ன இருந்தது எண்டு எல்லாரும் கேப்பினம், வேண்டாம் எண்டார். நானும் பயந்து திரும்பி வந்திட்டன்."

இரண்டு வருடம் அந்த மனிதர் அந்த வெள்ளைக்காரியையும் குழந்தையையும் கண்ணால் தாண்டித் தாண்டி, பந்தை மட்டும் அம்மாவுக்கு உருட்டிவிட்டிருக்கிறார். அவ்வளவு சரித்திரமும் அவர் வாயில் தங்கியது அப்படித்தான். அம்மா கடிதத்தை என் கையில் திணித்தா.

உடைத்தேன். முதல் பந்தி ஆட்டம். நீலச் சட்டைக்காரர் இரண்டு கோல், சிவப்புச் சட்டைக்காரர் ஒன்று. அதைத் தமிழில் சொன்னேன். இரண்டாம் பந்தியில் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதாம், பத்து நிமிடமாக ஒரு பந்தைத் துரத்தி, கடைசியில் அதன்மேலேயே குந்திவிட்டதாம். அதைத் தாண்ட நினைத்தேன். கண் தாண்டவில்லை. சனிக்கிழமை மழை என்றேன், நிறுத்தினேன், மைதானம் சேறு என்றேன். ஒரு மனிதரின் வேலையைப் பறித்து நான் காப்பாற்றிய இரகசியம், என் கையில் ஒரு பக்கம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"போஸ்ட்மாஸ்டர் ஒருநாளும் இப்பிடித் தடக்கினவரில்லை," என்றா அம்மா.

நான் கடிதத்தை மடிக்கப் பார்த்தேன்.

"பந்துக் கதைக்கு உன்ரை முகம் இப்பிடிச் சிரிக்கிறதுமில்லை."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. பிறகு, ஏதோ பக்கத்து வீட்டு விசயம் விசாரிப்பதைப்போலக் கேட்டா:

"பெடியனோ, பெட்டையோ?"