டயர் அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

எங்கள் ஜீப்புக்கு டயர் மாற்றிய கதையை யார் கேட்டாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். எனக்கு அதில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்கியது என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆண்பிள்ளைகளுக்கும் விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தீவில் கராச்சர்மா என்கிற ஊரில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குவது ஒரு செம்மண் சரிவு. வெயில் காலத்தில் அது ஒன்றும் செய்யாது. மழை பிடித்துவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சரிவில்தான் என் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தேன். வலி எடுத்ததும் பக்கத்து வீட்டு வங்காளத்துக்காரி, நான் தீதி என்று கூப்பிடுகிறவள், ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டி பாதிச் சரிவில் வழுக்கி நின்றுவிட்டது. தள்ளினார்கள், இழுத்தார்கள், மாடு படுத்துக்கொண்டது. பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது லாங் ஐலண்ட் என்கிற இன்னொரு தீவில் இருந்தார். மரம் வெட்டும் கூப்பில் காண்டிராக்ட். சேதி போய், படகு கிடைத்து, அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து சரிவில் மண்ணும் காய்ந்திருந்தது. வந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே சரிவில் போய்க் குத்தவைத்து, வண்டிச் சக்கரம் வழுக்கிய தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெற்ற பிள்ளை போயிருக்கிறது, இவர் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் சிரித்துப் பேசினாலும், உள்ளுக்குள் அந்த முடிவு அப்படியே இருந்தது.

இரண்டாவது தடவை நான் உண்டாகியிருப்பது தெரிந்ததும் கூப்பைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கையோடு சர்க்கார் கழித்து ஏலம் விட்ட ஒரு ஜீப்பை எடுத்தார். ஜீப் என்று பெயர்தான். கூரைத் துணி கிழிந்து, கதவே இல்லாமல், டயர் நாலும் என் உள்ளங்கையைவிட வழவழப்பாக இருந்தது.

"மழைக் காலத்துலதான் உனக்கு நாள் வருது. இது அந்தச் சரிவுல ஏறணும். அவ்வளவுதான்" என்றார்.

"ஏங்க, இதை மேல ரோட்டுலயே நிறுத்திட்டா என்ன? நான் மெதுவா நடந்து ஏறிட மாட்டேனா?"

"நீ அந்தச் சரிவுல காலே வைக்கக் கூடாது."

ஏன் கூடாது என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா? சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் முன்னாடியே வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தது டயர் பைத்தியம். அபர்தீன் பஜாரில் ஒரு மெக்கானிக் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கழுத்தில் சிலுவை தொங்கும். இவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவான். எங்கள் ஊர்ப் பேச்சும் இந்தியும் அவன் வாயில் கலந்து கட்டி வரும். அவனுடைய கடை வாசலில் இவர் போய் நின்றால் போதும், போகிறவர் வருகிறவர் எல்லாம் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். லேசான டயர் போடு, சேறு பிடிக்காது என்பார் ஒருவர். கனமான டயர் போடு, சேற்றை அறுத்துக்கொண்டு போகும் என்பார் இன்னொருவர். மிலிட்டரி வண்டிக்குப் போடுகிற கட்டம் கட்டமான டயர்தான் பக்கா என்று ஒரு கட்சி. டிராக்டரைப் போல அம்பு அம்பாகப் பட்டை வைத்த டயர்தான் சரி என்று எதிர்க்கட்சி. ஒல்லி டயரா, அகல டயரா என்று அதற்குள் தனியாக ஒரு சண்டை. கேட்கக் கேட்க எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. வயிற்றில் இருக்கிறது என் பிள்ளை, அது பிழைப்பதும் பிழைக்காததும் இவர்களுடைய வாய்ச் சண்டையிலா இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தனியாக அழுதேன்.

கடைசியில் அம்பு டயர் என்று முடிவானது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வருவதற்குள் ரிம் தேட ஆரம்பித்தார்கள். டயர் அகலமாம், பழைய ரிம்மில் உட்காராதாம். எங்கேயோ பழைய இரும்புக் குவியலில் கிடந்த நாலு அகல ரிம்மை இவர் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஜீப்புல அஞ்சு போல்ட்டு. இதுலயும் அஞ்சு ஓட்டை. எண்ணிப் பாத்துத்தான் எடுத்தேன்."

மெக்கானிக் வந்து மாட்டிப் பார்த்தான். ஒரு போல்ட்டு நுழைந்தால் மற்ற நாலும் வெளியே நின்றது. திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் மறுபடி எண்ணினார்கள். ஐந்துக்கு ஐந்துதான். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரிகிறது, ரிம்மில் ஓட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, ஜீப்பில் போல்ட்டுகள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. இவர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார்கள்.

"இது நம்ம ஜீப்போடது இல்ல, வேற காடியோட ரிம்மு போலிருக்கு அண்ணாச்சி" என்றான் மெக்கானிக், ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவனைப் போல.

வேறு ரிம் தேடி, அதையும் கப்பலிலேயே வரவழைத்து, டயரும் வந்து, ஒருவழியாக மாட்டினார்கள். ஜீப் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் கரகரவென்று உரசியது. மட்கார்டு ஓரத்தைச் சுத்தியலால் அடித்து மடக்கினான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் அதில் ஏறுவதற்கு ஒரு மரப்பெட்டியைப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"பாரிஷ் வரட்டும் மதினி, அந்த மழையில காடி புலி மாதிரி ஏறும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவன் மாட்டிவிட்டுப் போனது சரியாகத்தான் இருந்தது. கெடுத்தது இவர்.

இவருக்குக் காட்டில் ஒரு பழக்கம். தரையைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். கூப்பில் மரம் இழுக்கிற யானை சங்கிலியோடு காட்டுக்குள் போய்விட்டால் தடம் பார்த்தே தேடிப் பிடித்துவிடுவாராம். மான் எந்தப் பக்கம் போயிற்று, பன்றி எப்போது போயிற்று, எல்லாம் தரை சொல்லிவிடும் என்பார். மறுநாள் காலையில் சரிவில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, ஜீப்பை மேலே ஓட்டிவிட்டு இறங்கி வந்து, தடத்தின் பக்கத்தில் குத்தவைத்தார். பிள்ளை போன அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி.

"இங்க வந்து பாரு. வண்டி போனது ரோட்டுப் பக்கம். அம்பு காட்டுறது வீட்டுப் பக்கம். தலைகீழா மாட்டிட்டுப் போயிருக்கான் பைத்தியக்காரன்."

"அவனுக்குத் தெரியாதா?"

"மான் குளம்பு பதிஞ்சா அதோட முனை மான் போற திசையைத்தான காட்டும்? இது மட்டும் எப்படித் திரும்பிப் பாக்கும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து டயரைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான். டயரின் உச்சியில் அம்பு முன்னால் பார்க்கிறது, மண்ணில் பின்னால் பார்க்கிறது. பேய் முழி முழித்தான். தீதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அரே, க்யா ஹுவா?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தால்தானே அவளுக்குச் சொல்ல? கடைசியில் இவருடைய மான்தான் ஜெயித்தது. நாலு டயரையும் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினார்கள். தடத்தில் இப்போது அம்பு ரோட்டைப் பார்த்தது. இவருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

முதல் மழை வந்தது. ஜீப் பாதிச் சரிவு ஏறியது, சக்கரம் நாலும் சேற்றை அப்பிக்கொண்டு உருண்டை உருண்டையாகச் சுற்றியது, அப்படியே வழுக்கிக் கீழே வந்தது. காற்று ஜாஸ்தி என்று காற்றைக் குறைத்தார்கள். பின்னால் கனம் போதாது என்று கடல் மணலைச் சாக்கில் கட்டிப் போட்டார்கள். கனம் ஜாஸ்தியாகிவிட்டது என்று சாக்கை இறக்கினார்கள். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. எதனால் ஏறியது, எதனால் ஏறவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. இவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து போய் வாசலில் நிற்பார். வழவழப்பான பழைய டயரே தேவலாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரத்துக்கு முந்தின வாரமே வலி வந்துவிட்டது. மத்தியானம். வெளியே மழை வெளுத்து வாங்கியது. தீதி என்னைத் தாங்கிப் பிடித்துப் பெட்டி மேல் ஏற்றி, ஜீப்பின் பின்பக்கப் பலகையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவர் வண்டியை எடுத்தார். பாதிச் சரிவு. சக்கரம் சுற்றியது. வழுக்கிக் கீழே வந்தோம். மறுபடி எடுத்தார், மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவையும் அதே இடத்தில் நின்றபோது, அந்த இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாடு படுத்துக்கொண்ட இடம். தீதிக்கும் தெரிந்திருக்க வேண்டும், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம், வலி, ஆத்திரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

"முன்னால போக மாட்டேங்குதுல்ல? பின்னாலயாவது போய்த் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

யோசனை சொல்வதற்காகக் கத்தவில்லை. திட்டுவதற்குத்தான் கத்தினேன். ஆனால் அவர் வழுக்கிக் கீழே வந்த வண்டியை முற்றத்தில் அப்படியே திருப்பினார். ஜீப்பின் பின்பக்கம் சரிவைப் பார்த்தது. ரிவர்ஸ் போட்டார்.

ஏறியது.

சும்மா இல்லை, மண்ணைக் கவ்விக் கவ்வி ஏறியது. சக்கரம் சேற்றை வாரி வாரி வெளியே எறிந்தது. ஏன் ஏறியது என்று மெக்கானிக் ஒரு மாதம் மண்டையைக் குடைந்து பிறகு வந்து சொன்னான். டயர் மேலே முன்னால் ஓடினால் அடியில் பின்னால்தானே தள்ளுகிறது, அதனால் அம்பு மண்ணில் பின்னால் பார்த்துப் பதிவதுதான் சரியாம். மானை நம்பித் திருப்பி மாட்டிய டயர், பின்னால் போவதற்கு மட்டும் சரியாக இருந்திருக்கிறது. அவன் சொல்லியும் எனக்குப் பாதிதான் விளங்கியது.

அன்றைக்கு அந்த ஜீப்புக்குள் அதை யார் நினைத்தார்கள்? பின்னால் ஓட்டுகிறவர் பின்னால் திரும்பித்தானே பார்க்க வேண்டும். இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, உடம்பை முறுக்கிக்கொண்டு, பின்பக்கம் பார்த்தபடி ஓட்டினார். பின்பக்கம் நான் இருந்தேன். எந்த வண்டியில் போனாலும் முதுகையே காட்டுகிற மனுஷனுடைய முகம் எனக்கு ஒரு முழத்துக்கு முன்னால், சரிவு முடிகிற வரைக்கும் என்னைப் பார்த்தபடியே இருந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் அவரிடம் நான் பார்த்ததில்லை. உதடு கோணி, மூக்கு ஒழுகி, கண் இரண்டும் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சீட்டில்.

"அன்னைக்கு நான் இல்லாமப் போயிட்டேன்" என்றார். "நீ இங்கன கெடந்து துடிச்சப்ப நான் இல்லாமப் போயிட்டேன்."

ஏறுகிற வரைக்கும் அதையேதான் சொன்னார். நான் இரண்டு வருஷமாகக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன்.

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டியைத் திருப்பி நேராக ஓட்டினார். மறுபடி முதுகுதான் தெரிந்தது. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள். பிறந்த மறுநொடியே கட்டிடம் அதிர அழுதாள். வெளியே நின்றுகொண்டிருந்தவரும் அவளுக்குச் சமமாக அழுதார் என்று தீதி வந்து அதிசயமாகச் சொன்னாள். இந்த மனுஷனுக்கு அழக்கூடத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.