தட்டு நிறையக் கேசரி

காலையில் நூற்றைம்பது கிராம் உப்புமாவுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். தட்டு முழுக்கப் பரப்பிய உப்புமா, தட்டின் எடை போக, நூற்றிருபதுதான் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் கொஞ்சத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் அமுக்கி வைத்துப் பார்த்தேன். இருநூறு!

வறுத்த ரவை வாசனையோடு சின்ன வயதில் இருந்த மேற்கு மாம்பலம் வீடு நினைவில் வந்து நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கேசரி கிளறி, வாணலியோடு அக்காவிடமும் என்னிடமும் கொடுத்துவிடுவாள். அப்பா போட்ட சட்டம் ஒன்றுதான்: "பங்கு போடறவ கடைசியிலதான் எடுத்துக்கணும்."

பங்கு போடுவது எப்போதும் அக்கா. ஒரு பங்கைக் கரண்டியின் முதுகால் தட்டின் விளிம்பு வரைக்கும் இழைத்துவிடுவாள். இன்னொன்றை டபராவில் அழுத்தி வைப்பாள். நான் தட்டின் மேல் பாய்வேன். "உனக்குத்தான் நிறைய" என்று பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்காகவே எனக்குக் கேசரி கூடுதலாக இனித்தது.

அசோக் நகரில் இருக்கும் அவளுக்கு உடனே போன் செய்தேன்.

"அக்கா, இப்பத்தான் தராசுல வெச்சுப் பாத்தேன். அந்த டபராவுலதானே அதிகம் இருந்துது?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாடி? எடுத்துக்கிட்டது நீதானே!"

"சரி, ஞாயித்துக்கிழமை வரேன். கேசரி பண்ணி வை. இந்தத் தடவை நான் பங்கு போடறேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"தராசை எடுத்துட்டு வா" என்றாள்.