சித்தி கேட்ட பாடம்

பத்து வயதில் எனக்கு ஒரு மாணவி இருந்தார். அவருக்கு இருபத்தொரு வயது. என் அம்மாவின் தங்கை, எனக்குச் சித்தி. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அக்கா வீடுதான் வீடு என்றாகி, தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் காம்பராவிலேயே எங்களோடு இருந்தார். பகலில் அம்மாவோடு மலையில் கொழுந்து பறிப்பார். மாலையில் வந்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, என் முன்னால் நின்று குனிந்து வணக்கம் சொல்வார். நானும் பதிலுக்குக் கொஞ்சம் குனிவேன். ஆசிரியர் கொஞ்சமாகத்தான் குனிய வேண்டும் என்று நானாகவே ஒரு விதி செய்து வைத்திருந்தேன்.

வட்டகொடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டப் பாடசாலையில் அந்த வருடம்தான் டைக்வொண்டோ வகுப்பு தொடங்கியிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஹட்டனிலிருந்து காலை ரயிலில் ஒரு சிங்கள மிஸ் வருவார். ஒல்லியான உருவம், ஆனால் அவர் காலைத் தூக்கி உதைத்தால் வெள்ளைச் சீருடையின் துணி படீரென்று சத்தம் போடும். பேச்சு பாதி தமிழ், பாதி சிங்களம். எண்ணுவதும் கட்டளைகளும் கொரிய மொழி. ஹனா, தூல், செத், நெத் என்று நாங்கள் கத்துவது கீழே பிள்ளைக் காம்பரா வரை போய், அங்கே தூங்கும் கைக்குழந்தைகளை எழுப்பிவிடுகிறது என்று ஆயா முறைப்பாடு செய்தார். தோட்டத்தில் எல்லாரும் அதைக் கராத்தே என்றார்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துத் திருத்தினேன். "ரெண்டுலயும் ஒதைக்கத்தானே செய்றீங்க?" என்று அப்பா கேட்டார். அவருக்கு இதற்கு மேல் விளக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

முதலில் நிற்கப் பழகினோம். குதிரை மேல் உட்கார்ந்திருப்பவரைப் போலக் கால்களை அகட்டி முழங்கால் மடித்து நிற்பதற்கு ஜுச்சும் சோகி என்று பெயர். தொடை நடுங்குகிற வரை நிற்க வேண்டும். அதன் பிறகு நேர்க்குத்து. அதன் பிறகு, கீழே வரும் உதையைக் கையால் வெட்டித் தடுக்கும் அரே மக்கி. கடைசியில் முன் உதை. இவற்றையெல்லாம் கோத்து, இல்லாத எதிரிகளை நோக்கி இடமும் வலமும் திரும்பித் திரும்பிச் செய்கிற பதினெட்டு அசைவுகள்தான் முதல் பூம்சே. அதைப் பிழையில்லாமல் செய்து காட்டினால் வெள்ளைப் பெல்ட் போய் மஞ்சள் பெல்ட் வரும். எனக்குப் பூம்சே என்றால் பைத்தியம். அதில் எதிரில் ஆள் இல்லை என்பது பெரிய வசதி.

மூன்றாவது வாரம், ஆண் பிள்ளைகளைப் பந்தடிக்க அனுப்பிவிட்டு, எங்களை மட்டும் வட்டமாக நிறுத்தி மிஸ் வேறொன்று சொல்லிக்கொடுத்தார். யாராவது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் எப்படி விடுவித்துக்கொள்வது என்ற பாடம். "இழுக்க வேணாம். இழுத்தா அவங்கதான் ஸ்ட்ரோங். கட்ட வெரல் பக்கம் திருப்புங்க. அந்தப் பக்கம் பூட்டு இல்ல," என்றார்.

எனக்கு ஜோடியாக வந்தவள் எட்டாம் வகுப்புப் பெண். விரல்கள் விறகு போல இருக்கும். அவள் பிடித்ததும் நான் திருகினேன். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, கை மட்டும் அவளிடமே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் வந்து நாலைந்து தடவை என் கையைப் பிடித்துக் காட்டித் தந்ததும் எனக்கும் வந்துவிட்டது. சின்ன விஷயம்தான். ஆனால் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. இதில் உதை இல்லை, சத்தம் இல்லை, பெயர்கூட இல்லை. இது டைக்வொண்டோவே அல்ல என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வாரம்தான், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருந்த சமதரையில் நான் பூம்சே பழகிக்கொண்டிருந்ததைச் சித்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"ஏன்டி, யாராச்சும் கையப் புடிச்சுக்கிட்டா விடுவிக்கிறதுக்கு ஏதும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அதெல்லாம் பெறகு சித்தி. மொதல்ல ஒழுங்கா நிக்கப் பழகணும்."

"சரி, நிக்கவே சொல்லிக் குடு," என்றார்.

அப்படித்தான் அவர் என் மாணவியானார். எட்டு வயதிலிருந்து ஏறி இறங்கிய மலை அவர் கால்களில் இருந்தது. குதிரை நிலையில் நான் முப்பது எண்ணுவதற்குள் சரிந்துவிடுவேன், அவர் நூறு வரைக்கும் அசையாமல் நின்று, "இன்னும் நிக்கவா மாஸ்டர்?" என்பார். அவருடைய முன் உதை என் தலைக்கு மேலே போனது. ஒரு மாதத்தில் பதினெட்டு அசைவுகளையும் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். நான் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். கால் விரல் சரியில்லை, பார்வை சரியில்லை, மறுபடியும் முதலிலிருந்து என்பேன். சளைக்காமல் மறுபடியும் முதலிலிருந்து செய்வார்.

அம்மாவும் சித்தியும் வேலை செய்த மலைக்குப் பொறுப்பான கங்காணி அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் யார் எந்த நிரையில் கொழுந்து பறிப்பது என்று பிரித்துவிடுகிறவர் அவர்தான். அம்மா அவரை அண்ணே என்பார்; நான் கங்காணி மாமா என்பேன். எனக்கு டொபி மிட்டாய் கொண்டு வருவார். இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதும்போது கை தானாக 'அவர்' என்றுதான் எழுதுகிறது. சின்ன வயதில் படிந்த மரியாதை அவ்வளவு லேசில் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா விஷயமாக அப்பாவோடு பேச வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னிடம், "பாப்பா, கராத்தே எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார். நான் அவரைத் திருத்திவிட்டு, வாசலில் இறங்கி முழுப் பூம்சேயையும் செய்து காட்டினேன். கடைசிக் குத்துக்கு நான் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. அவர் கை தட்டினார். பாராட்டு போதவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சித்திக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். அவங்க என்னய விட ஒசரமா ஒதைப்பாங்க!"

அடுப்படியில் சித்தியின் ஊதுகுழல் சத்தம் நின்றது. கங்காணி உள்பக்கம் பார்த்தபடியே வெகுநேரம் சிரித்தார். "அப்ப இனி பயந்துதான் நடக்கணும்," என்றார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போனதும் சித்தி திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கினார். மறுநாளிலிருந்து மலையில் அவரைக் கங்காணி 'கராத்தே டீச்சர்' என்று கூப்பிடுவதாக அம்மா வந்து சொன்னார். என் மாணவிக்கு ஊரில் ஒரு பட்டம் கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கராத்தே என்று சொன்னதுதான் ஒரு குறை. அந்த வாரம் முழுக்கச் சித்திக்கு எல்லாருக்கும் மேலே, காட்டை ஒட்டிய கடைசி நிரைதான் கிடைத்தது என்பதையும் அம்மா சொன்னார். அதில் எனக்கு அக்கறைப்பட ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை சித்தி வணக்கம் சொல்லவில்லை. நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு வலித்தது.

"இந்தா, இப்புடிப் புடிச்சா என்னா செய்றது? அத மட்டும் சொல்லிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

"விடுங்க சித்தி. பூம்சே செய்வோம். சனிக்கிழமை எனக்குச் சோதனை இருக்கு."

"வெளையாட்டுக்குக் கேக்கலடி. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியும். கட்டை விரல் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லப் போய், செய்து காட்டப் போய், அன்றைக்கு மாதிரி கை வராமல் போனால்? சித்தியும் சிரித்துவிட்டால்? பிறகு மாஸ்டர் என்று கூப்பிடுவாரா?

"அது கறுப்புப் பெல்ட் எடுத்தவங்களுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுப்பாங்க," என்றேன்.

சித்தி கையை விட்டார். "கறுப்புப் பெல்ட் எடுக்க எத்தன வருசமாகும்?"

"அஞ்சு வருசம்."

அவர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி மாஸ்டர்," என்று சொல்லிப் பூம்சேயைத் தொடங்கினார். அன்றைக்கு நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எங்களை மிஸ் ரயிலில் ஹட்டனுக்குக் கூட்டிப் போனார். ஒரு பெரிய மண்டபத்தில் சோதனை நடந்தது. நான் பதினெட்டு அசைவுகளையும் செய்தேன். மஞ்சள் பெல்ட் கிடைத்தது. திரும்பி வரும்போது நல்ல மழை. கோட்டகலை தாண்டியும் கண்ணாடியில் என் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்தால், எங்கள் வாசலில் பக்கத்துக் காம்பராப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். "சித்தி கான்ல வழுக்கி விழுந்துட்டா. போயித் தொந்தரவு பண்ணாத," என்றார் அம்மா. மழைத் தண்ணீர் ஓடுவதற்குத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருக்கும் கான்களில் யாராவது விழுவது எங்கள் பக்கம் சாதாரணம். நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு சித்தி பழக வரவில்லை. மலைக்கும் போகவில்லை. ஹட்டனில் தையல் வகுப்புக்குப் போவதாக இருந்த பேச்சும் நின்றுபோயிற்று. இரண்டு மாதத்தில் டயகமவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். உடனே கல்யாணமும் நடந்தது. இவ்வளவு அவசரம் எதற்கென்று நான் கேட்கவில்லை. புதுச் சட்டை கிடைத்தது.

என் பத்தொன்பதாவது வயதில், கொழும்புக்கு வேலைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், அம்மா எனக்குத் துணி மடித்துக்கொண்டே பஸ்ஸில் கவனமாக இருக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் அந்தச் சனிக்கிழமைக்குப் போய்விட்டார்.

"அந்த ஆளு மேல் நிரைக்குப் போயி அவ கையப் புடிச்சிருக்கான். அதுக்கு முந்தியும் ரெண்டு மூணு தரம் அப்புடித்தானாம். இவ வாயத் தொறக்கல. அன்னைக்கு இழுத்திருக்கா, விடல. நீ சொல்லிக் குடுத்தியே, அது மாதிரி கால அகட்டிக்கிட்டு நின்னாளாம். அதப் பாத்து அவன் சிரிச்சானாம்."

பிறகு சித்தி முழுப் பலத்தோடும் பின்னால் இழுத்திருக்கிறார். பிடி நழுவி, கானுக்குள் கல்லின் மேல் விழுந்திருக்கிறார். சத்தம் கேட்டு ஆட்கள் ஏறி வந்தபோது, வழுக்கப் போனவளைப் பிடிக்கத்தான் பார்த்தேன் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். எல்லாரும் அதை நம்புவதாக முடிவு செய்துகொண்டார்கள். அப்பா கங்காணியின் வீடு வரை போய்விட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறார்.

"ஏன்மா சும்மா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"விடாம? மறுநாளும் அவன்கிட்டத்தானே நிரை கேட்டு நிக்கணும்," என்றார் அம்மா. பிறகு என் சட்டை ஒன்றை மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

சித்தி இப்போதும் டயகமவில்தான் இருக்கிறார். நன்றாகவே இருக்கிறார். சித்தப்பா சத்தம் போட்டுப் பேசாத மனிதர்; இரண்டு பிள்ளைகள். நான் போகும்போதெல்லாம் ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துத் தருவார். ஒரு தடவை, அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, "சித்தி, அன்னைக்கு நீங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே," என்று தொடங்கினேன். "அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்குடி?" என்றார், துருவுவதை நிறுத்தாமல். நானும் விட்டுவிட்டேன். அந்தப் பாடம் எனக்குத் தெரிந்தே இருந்தது என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் அவர் தப்பியிருப்பாரா என்று எனக்கே நான் சொல்லிப் பார்ப்பதுண்டு. அந்த வாதம் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

அம்மா தொந்தரவு பண்ணாதே என்று சொன்ன அந்தச் சனிக்கிழமை மாலை, நான் சொல் கேட்கவில்லை. மஞ்சள் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக் கம்பளிக்குள் படுத்திருந்தார். "சித்தி, பாருங்க," என்றேன். திரும்பவில்லை. என் வாழ்நாளின் மிகப் பெரிய நாளில் என் ஒரே மாணவி இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்களும் வகுப்புக்கு வந்து ஒழுங்காப் பழகியிருந்தா, ஒங்களுக்கும் குடுத்திருப்பாங்க," என்றேன்.

அவர் மெல்லத் திரும்பினார். பெல்ட்டைப் பார்த்தார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்து, சமமில்லாமல் தொங்கிய பெல்ட் நுனிகளை இழுத்துச் சமப்படுத்தியது. மணிக்கட்டைச் சுற்றி நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கொழுந்துக் கறை என்று நினைத்தேன்.

"நல்லாருக்குடி," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு என் மேல் பொறாமை என்று எனக்கு விளங்கிவிட்டது. பெரிய மனது பண்ணி, அவரை மன்னித்துவிட்டு வெளியே வந்தேன்.