கருப்பாயி கட்டிப்போட்ட கை

மலாயாவில், தெப்ராவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கருப்பாயி பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், மழை ஓய்ந்த ஒரு காலையில் மரத்தடியிலேயே சரிந்தாள். வாய் கோணிக்கொண்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. சில வாரங்களில் பேச்சு திரும்பியது, காலும் ஓரளவு தேறியது. வலது கை மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கங்காணி சபாபதி கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து நயமாகத்தான் சொன்னார்: "அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிரு கருப்பாயி. சொந்தபந்தம் பார்த்துக்கும்."

"தாலி அறுத்த அன்னிக்கே என்னை வெளியே தள்ளின சொந்தம் கங்காணி. கொஞ்சம் பொறுங்க, இந்தக் கைய நான் எழுப்பிக்கிறேன்."

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ராஜசேகரன் அவள் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். "தைலத்தால மட்டும் ஆகாதும்மா. கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்."

வேலை கொடுக்கத்தான் பார்த்தாள். எதைத் தொடப் போனாலும் இடது கை முந்திக்கொண்டது. ஒரு மத்தியானம் எரிச்சல் தாங்காமல் அடுத்த வீட்டு ராசம்மாவைக் கூப்பிட்டாள்.

"இந்த இடது கைய முந்தானையால இடுப்போட சேர்த்துக் கட்டு."

"பைத்தியமாக்கா? அப்புறம் எப்படிச் சாப்பிடுவே?"

"பசிச்சா அந்தக் கை வரும்."

வரவில்லை. ராசம்மா ஊட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் போனதும் தட்டில் குனிந்து வாயாலேயே தின்றாள். கொஞ்சம் அழுதாள். மறுநாளும் கட்டச் சொன்னாள்.

பால் பிடிக்கிற காலி மங்கு ஒன்றைத் தரையில் வைத்துப் புறங்கையால் தள்ளுவாள். மணிக்கட்டை வளைத்து இழுப்பாள். லயத்தில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதற்கும் அலுத்துவிட்டது. முதலில் கட்டைவிரல் அசைந்தது. வெகுநாள் கழித்து விரல்கள் மங்கைச் சுற்றிக்கொண்டன. ஒருநாள் பாதிச் சோறு மடியில் சிந்தினாலும் மீதி வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

கங்காணி மறுபடி வந்தார். வாசலில் இருந்த தண்ணீர் வாளியைக் காட்டி, "தூக்கு பார்ப்போம்" என்றார்.

முழங்கால் உயரம்தான் தூக்க முடிந்தது. தண்ணீர் தளும்பி அவர் செருப்பை நனைத்தது.

"மரம் வெட்ட ஆகாதே."

"ஆகாதுதான். மங்கு கழுவுறேன், மரத்துல உறைஞ்ச கட்டிப்பால் பொறுக்குறேன்."

அவர் செருப்பை உதறிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கப்பல் அவளில்லாமல் போயிற்று. கருப்பாயி மங்கு கழுவினாள். விரல்கள் முழுதாக நிமிரவே இல்லை. தலைமுடியை அள்ளி முடிய மட்டும் கடைசிவரை ராசம்மாதான் வரவேண்டியிருந்தது.