பஸ் தெரியாத கடை

நீங்கள் எப்போதாவது ஒரு கண்ணைத் தட்டிலும் இன்னொரு கண்ணை ரோட்டிலும் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் எங்கள் அம்மா கடையில் நீங்கள் சாப்பிட்டதில்லை.

மேற்குத் தாம்பரத்தில், படப்பைப் பக்கம் போகும் ரோட்டு முனையில் ஒரு தள்ளுவண்டி. அதுதான் கடை. ஒரகடம் ஃபேக்டரிகளுக்குப் போகிற கம்பெனி பஸ்கள் விடிந்ததும் அந்த முனையில்தான் ஆள் ஏற்றும். யாருக்காகவும் காத்திருக்காது. பஸ்ஸுக்குள் சாப்பிடவும் விட மாட்டார்கள். அதனால் யூனிஃபார்ம் போட்ட பசங்க எல்லோரும் வண்டியைச் சுற்றி, ஒரே திசையைப் பார்த்து நின்று, அவசர அவசரமாக முழுங்குவார்கள். அப்பா இறந்த பிறகு வீட்டு வாடகை, என் பி.காம். ஃபீஸ் எல்லாமே அந்த அவசரத்தில்தான் ஓடியது.

“இன்னாக்கா, சாம்பார்ல பருப்ப தேடினுகீறேன், ஒண்ணும் காணோம்?”

“தேடு, தேடு. கெடைச்சா எனக்கும் ஒண்ணு குடு.”

“சிரிக்காதக்கா, ரெண்டு இட்லி வை. அதோ வந்துகினு கீது பஸ்ஸு.”

நான் சட்னி ஊற்றிக்கொண்டு நிற்பேன். பஸ் கிளம்பினால் அந்த இடமே காலி, கீழே கிடக்கிற தட்டுகள்தான் மிச்சம்.

சின்ன வியாபாரிகளை முன்னுக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு டிரஸ்ட் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு காலி மனையை எடுத்து, ஷீட் போட்டு, வரிசையாகக் கடை கட்டினார்கள். அதில் ஒன்று அம்மாவுக்கு. டைல்ஸ், ஃபேன், குழாய். நல்லவர்கள்தான், சும்மா சொல்லக் கூடாது. அம்மாவுக்கு டைல்ஸெல்லாம் பெரிதில்லை, குழாய்தான். இத்தனை வருஷம் வீட்டிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் தூக்கியவள். முதல் நாள் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“மூடும்மா, டேங்க் காலியாயிடும்.”

“இருடா, கொஞ்ச நேரம்.”

அதைப் போட்டோ எடுத்து ‘ஓனரம்மா’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். தள்ளுவண்டியை வண்டலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். இனி அது எதற்கு?

புதுக் கடையிலிருந்து பஸ் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். டிரஸ்ட் சாருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, மார்க்கெட்டிங் பேப்பரில் பாஸான எனக்கும் தோன்றவில்லை.

பழகிய பசங்க முதலில் வந்தார்கள். தட்டும் கையுமாகத் தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாய் வைப்பார்கள், மறுபடி ஓடுவார்கள். ஒரு நாள் ஒருவன் பஸ்ஸை விட்டுவிட்டான்.

“அர நாள் சம்பளம் போச்சு மச்சான்,” என்று என்னிடம் சொன்னான். “உங்கம்மா மேல தப்பு சொல்லல. ஆனா நாளைலருந்து வர்ல, கோச்சுக்காத.”

அவனோடு மற்றவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் வீட்டிலேயே இட்லி சுடுகிறவர்கள். டிரஸ்ட் சார் வந்து பார்த்துவிட்டு, “டைம் எடுக்கும்மா, பிராண்ட் பில்ட் ஆகணும்ல,” என்றார். அம்மா தலையாட்டினாள்.

வியாபாரம் எப்படி என்று அம்மா வாயைத் திறக்க மாட்டாள். சாயங்காலம் கிரைண்டர் ஓடுவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் கிரவுண்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு நான் ஷூ மாட்டுவதற்குள்ளேயே நின்றது. ஒரு நாள் ஓடவே இல்லை. மிஞ்சிய மாவில் எங்களுக்குத் தோசை ஊற்றினாள். மறுநாளும் அதே மாவு. புளிக்கிறது என்று நான் சொல்லவில்லை.

பழைய முனைக்கே போய்விடலாம், வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்கலாம் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பழைய வேன், பின்கதவைத் திறந்துவைத்து இட்லி போடுகிறது. சுற்றி எங்கள் பசங்க. ஒருத்தனும் தலை நிமிரவில்லை.

சட்டையைப் பிடிக்கிற மூடில் போனேன். “யோவ், யாரு எடத்துல யாருய்யா கட போடுறது?”

வேன்காரர் திரும்பினார். எங்களிடம் வருஷக்கணக்கில் சாப்பிட்டவர். பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரமாக வைப்பவர்.

“கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சுன்னு கம்பெனில தூக்கிட்டானுங்கக்கா,” என்றார், என்னைப் பார்க்காமல் அம்மாவிடம். “இந்த எடம் காலியா கெடந்துச்சு. நீங்க நல்ல எடத்துக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அம்மா சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன்.

“கொழந்தைக்கு மஞ்சக்காமாலைன்னியே, சரியாச்சா?”

“ஆச்சுக்கா. தவழுது இப்போ.”

“செரி,” என்றாள். என் கையைப் பிடித்தாள். “வாடா, போலாம்.”

“ஏம்மா ஒண்ணுமே கேக்கல?” என்றேன் வழியில்.

“இன்னான்னு கேக்கறது?”

அப்புறம் வீடு வரும்வரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சளி என்றாள்.

புதுக் கடைச் சாவியை டிரஸ்ட்டில் திருப்பிக் கொடுத்தாயிற்று. எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அம்மா இப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் சமையல் வேலைக்குப் போகிறாள்.